எக்ஸிம் மெயில் சர்வரில் ஒரு பைட் ஓட்டை: சரிபார்க்கும் முறை

திருப்பூர், ஈரோடு பக்கம் பல ஏற்றுமதி அலுவலகங்களில் யாரோ எப்போதோ நிறுவிய மெயில் சர்வர் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அது எக்ஸிம் என்றால் இதை இன்றே பாருங்கள்.

4.90.1 பதிப்புக்கு முந்தைய எக்ஸிமில், பேஸ்64 (தரவை எழுத்துகளாக மாற்றி அனுப்பும் முறை) எழுத்துகளைப் பிரிக்கும் இடத்தில் நினைவகம் ஒரு பைட் குறைவாக ஒதுக்கப்பட்டது. முறையில்லாத நீளத்தில், உதாரணமாக 7 எழுத்துகள் வந்தால், 4 பைட் இடம்தான் கிடைக்கும், எழுதப்படுவதோ 5. அந்த ஒரு பைட் பக்கத்து நினைவகத்தின் அளவுக் குறிப்பைக் கெடுக்கலாம். கடவுச்சொல் தெரியாதவரும் லாகின் கட்டத்திலேயே இதை அனுப்பலாம், சர்வரையே கைப்பற்றலாம். ஒரு பைட்தானே என்று விடாதீர்கள்.

டெர்மினலில் எக்ஸிம் கட்டளையோடு ஒரு கோடு, சின்ன பி, பெரிய வி சேர்த்து அடித்தால் பதிப்பு எண் தெரியும். எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். டெபியன் 9 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் திருத்தம் சேர்ந்த பிறகும் 4.89 என்றே காட்டும். பேக்கேஜ் எண்ணின் கடைசியில் டெப்9யு3 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். டெபியன் 9-க்கான ஆதரவே முடிந்துவிட்டதால், புது பதிப்புக்கு மாறுவதுதான் சரி.

அமைப்புக் கோப்புகளை நகலெடுத்து, அப்டேட் செய்து, கட்டாயம் ரீஸ்டார்ட் கொடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: ரீஸ்டார்ட் ஆகும்வரை பழைய நிரலே நினைவகத்தில் ஓடும். ஐரோப்பிய பையர்களின் மெயில் மதியத்துக்கு மேல்தான் குவியும்; காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். பிறகு ஒரு மெயில் அனுப்பி, ஒன்று பெற்று, வரிசையில் தேங்கியது போகிறதா என்று பாருங்கள்.