காசிமேடு மீன் ஏலம்: படமும் ஒலியும் சேர்த்து இரண்டு நிமிடச் செய்திக்கதை செய்யும் முறை

செய்திக்காகப் படம் எடுப்பவர்கள் கேமராவுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட ஒலிக்குக் கொடுப்பதில்லை. சென்னைக் காசிமேடு போன்ற இடத்தில் அந்தக் குறை உடனே தெரிந்துவிடும். இருட்டு, ஈரம், இரைச்சல் மூன்றும் ஒன்றாக இருக்கும் துறைமுகம் அது. அங்கே ஒழுங்காக ஒலி பதியக் கற்றுக்கொண்டால் வேறெங்கும் தடுமாற்றம் இருக்காது. இங்கே செய்யப்போவது, அசையாப் படங்களை வரிசையாக ஓட்டி, அங்கேயே பதிந்த ஒலியை அவற்றோடு சேர்க்கும் கதை.

முதலில் தேதியைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அப்போது போனால் கிடைக்கும் கதை வேறு: படகுக்குப் பெயின்ட் அடிப்பது, வலை பின்னுவது, இன்ஜினைப் பிரித்துப் போடுவது. தடைக்காலச் செய்திக்குக் கூட்டம் நிறைந்த ஏலப் படத்தைப் போடுவது தவறு. வேறு வழியே இல்லை என்றால் ‘கோப்புப் படம்’ என்று தேதியோடு குறிப்பிட வேண்டும்.

முந்தின நாளே கேமரா இல்லாமல் ஒரு முறை போய்வாருங்கள். ஏலம் விடுபவரிடமும், மீன் வாங்கிப்போய் விற்கும் ஒரு பெண்ணிடமும் பேசி, எதற்காக எடுக்கிறீர்கள், எங்கே வெளியாகும் என்பதைச் சொல்லி அனுமதி வாங்குங்கள். “அக்கா, நாளைக்குக் காலைல உங்ககூடவே வரட்டுமா?” என்ற கேள்விக்குச் சம்மதம் கிடைத்துவிட்டால் கதைக்கு ஆள் கிடைத்துவிட்டது. இரண்டு நிமிடத்தில் துறைமுகம் முழுவதையும் காட்ட முடியாது. ஒரே ஆள், ஏலத்திலிருந்து அவர் ஷேர் ஆட்டோ ஏறும் வரைக்கும். அது போதும்.

விடியும் முன் எடுப்பதற்கு எஃப் 2.8 (அகலமாகத் திறக்கும்) லென்ஸ், ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு 3200, ஷட்டர் 1/100 நொடி என்று தொடங்கலாம். இந்த 1/100-க்குக் காரணம் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. மலிவான எல்இடி விளக்குக்குக் கீழே 1/500 வைத்தால், அதுவும் எலக்ட்ரானிக் ஷட்டரில், படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். 1/100-ல் வீசும் கூடை கலங்கத்தான் செய்யும். கை ஓங்கி ஒரு கணம் நிற்கும் இடத்தில் அழுத்துங்கள். வீடியோவும் வேண்டும் என்றால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. ஃப்ளாஷ் வேண்டாம். ஈரச் செதில் வெள்ளையாக வெந்துபோகும், ஆட்களும் திரும்பிப் பார்ப்பார்கள். ஃப்ளாஷ் இல்லாமலே வஞ்சிரத்தின் வயிறு பளிச்சென்று அடிக்கும் என்பதால் எக்ஸ்போஷரை மைனஸ் 0.7-க்குக் குறைத்து, ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலப் பதிவில்) எடுங்கள்.

சூரியன் கடல் பக்கம் எழும். கரையிலிருந்து பார்த்தால் படகும் ஆளும் வெறும் நிழலுருதான். முகம் வேண்டுமென்றால் படகுத்துறையின் நுனிக்குப் போய் ஊர்ப் பக்கம் திரும்பி நில்லுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் பனிபிடிக்கும். ஜிப் போட்ட பைக்குள்ளேயே அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். உப்புத் துளியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும், முதலில் லேசாக ஈரமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

இனி ஒலி. ரெக்கார்டரை வேவ் ஃபைல் (சுருக்காத ஒலி), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். ஏலக்குரல் திடீரென்று உயரும், ஆகவே மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பதிவு லெவலைக் கையால் வையுங்கள். லெவலைத் தானியங்கி முறையில் விட்டால் குரல் அடங்கிய இடைவெளியில் இரைச்சலை மேலே இழுத்துவிடும். கடல்காற்றுக்கு ஸ்பாஞ்ச் உறை போதாது, மைக்குக்கு ரோம உறை கட்டாயம். செல்போனில் பதிந்தால் ஃப்ளைட் மோடில் போடுங்கள், அழைப்பு ஒன்று வந்தாலே பதிவு நின்றுபோகலாம். காதில் ஹெட்போன் இல்லாமல் ஒரு நொடியும் பதியக் கூடாது.

ஒரு ஏலத்தை முதல் விலையிலிருந்து மீன் கைமாறும் வரை வெட்டாமல் பதியுங்கள். அதே மீன், அதே ஆட்களின் படங்களும் உங்களிடம் இருக்க வேண்டும். சங்கரா ஏலத்தின் குரலை வவ்வால் மீன் கூடையின் படத்துக்கு மேல் வைத்தால் பக்கத்து ராயபுரத்து வாசகர் அடுத்த நொடியே பிடித்துவிடுவார், அது செய்தியிலும் பொய்தான். இதைத் தவிர ஐஸ் உடைக்கும் மெஷின், கூடை சிமென்ட்டில் விழும் ஓசை, படகு இன்ஜின் ஒவ்வொன்றையும் பக்கத்திலிருந்து முப்பது நொடி தனித்தனியே எடுங்கள். கடைசியாக ஒரு நிமிடம், யாரும் மைக்கில் பேசாத பொதுச் சத்தம். பேட்டியை வெட்டி ஒட்டும் இடங்களின் அடியில் அதைப் போட்டால்தான் ஒட்டு தெரியாது.

பேட்டியை ஏலக்கூடத்துக்குள் எடுக்காதீர்கள். நிறுத்தியிருக்கும் வேனின் மறைவுக்கு அழைத்துப்போய், காலர் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். உங்கள் கேள்வியை வெட்டிவிடப் போகிறீர்கள், ஆகவே “எத்தன வருஷமா?” என்று கேட்டால் வரும் “இருவது” உதவாது. “இந்த வேலைக்கு எப்படி வந்தீங்கன்னு சொல்லுங்கக்கா” என்று கேட்டு, அவர் நிறுத்திய பிறகும் ஐந்து நொடி பேசாமல் இருங்கள். நல்ல வாக்கியம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வரும்.

“இன்னொரு வாட்டி கூடையத் தூக்குங்க” என்று யாரையும் கேட்கக் கூடாது. தவறவிட்டது தவறவிட்டதுதான், அடுத்த கூடை வரும். பெயர், ஊர், என்ன மீன், எத்தனை மணி என்பதை அங்கேயே குறித்துக்கொண்டு, பெயரின் எழுத்தை அவரிடமே காட்டிச் சரிபாருங்கள். கேமரா கடிகாரமும் சரியான நேரம் காட்ட வேண்டும். கார்டை அழிக்கும் முன் இரண்டு இடத்தில் பிரதி.

எடிட்டிங்கில் ஒலியை முதலில் முடியுங்கள். 100 நொடி ஒலி என்றால் படத்துக்கு ஆறு நொடி வீதம் பதினாறு, பதினேழு படங்கள். தூரக்காட்சி, ஆட்கள், முகம், கை எல்லாம் கலந்து இருக்க வேண்டும். ஒரே உயரத்தில் நின்று எடுத்த எட்டுப் படங்கள் இருந்தால் ஏழு படங்களைத் தூக்கிவிடலாம். நிறமும் வெளிச்சமும் திருத்தலாம், படத்தில் இருக்கும் எதையும் நீக்கவோ புதிதாகச் சேர்க்கவோ கூடாது.

பலர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள் என்பதால் சப்டைட்டில் அவசியம். அக்கா “இன்னிக்கு மீனே இல்லப்பா” என்று சொன்னால் அப்படியே போடுங்கள், மேடைத் தமிழாக்க வேண்டாம். முடிந்ததை ஹெட்போனில் மட்டும் கேட்டு அனுப்பிவிடாமல் சாதாரண செல்போன் ஸ்பீக்கரில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் சத்தத்துக்கு அடியில் குரல் அமுங்கினால் பின்னணியை இன்னும் ஆறு டெசிபல் இறக்குங்கள்.