பிளஸ் டூ இயற்பியலுக்கு ஒரே ஒரு நோட்டு போதும்

பாடத்தை நாலு முறை வாசித்தால் தெரிந்த மாதிரியே இருக்கும், ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் லென்ஸ் சமன்பாட்டின் வருவித்தலைப் படத்தோடு எழுதிப் பாருங்கள், மூன்றாவது வரியில் பேனா நின்றுவிடும். நின்ற அந்த இடத்தை மட்டும் தனி நோட்டில் உங்கள் சொந்த வார்த்தையில் குறித்துக்கொள்ளுங்கள். அழகான கையெழுத்தெல்லாம் வேண்டாம். அடுத்த நாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று திரும்ப எழுதுங்கள், தடுமாற்றம் தானாகக் குறையும்.

அப்புறம், 70 மதிப்பெண் தாளில் 15 மதிப்பெண் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கே போகிறது, அதனால் பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளில் தப்பாகப் போனவற்றையும் அதே நோட்டில் சேருங்கள். தேர்வுக்கு முந்தைய இரவு அந்த நோட்டை மட்டும் புரட்டினால் போதும், பத்து மணிக்கெல்லாம் தூங்கிவிடலாம்.