சிறிய போர் விண்கலத்தைக் கற்பனை செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்வெளிக் கடற்படை வரும் கதைகளில், பிரமாண்டமான தாய்க்கலங்களைவிட அவற்றுக்குத் துணையாக வரும் சிறிய கலங்கள்தான் எனக்குப் பிடிக்கும். பத்துப் பன்னிரண்டு பேர், ஒரே எஞ்சின், போய்த் திரும்ப மட்டும் போதுமான எரிபொருள். அப்படியொரு ரகத்தைப் புதிதாக உருவாக்குகிறவர்களில் பலர் முதல் பக்கத்திலேயே சறுக்கிவிடுகிறார்கள். எத்தனை ஏவுகணை, எவ்வளவு கனமான கவசம், என்ன வேகம் என்று பட்டியல் போடுகிறார்கள். அந்தக் கலம் எந்த வேலைக்காகக் கட்டப்பட்டது, அதற்காக எதையெல்லாம் துறந்தது என்று சொல்ல மறந்துவிடுகிறார்கள். மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போருக்காக பிரிட்டன் வடிவமைத்த ஃபிளவர் ரக கார்வெட்டுகளை, அதாவது சிறிய காவல் போர்க்கப்பல்களை, எடுத்துக்கொள்ளுங்கள். திமிங்கில வேட்டைக் கப்பலின் வடிவத்தைத் தழுவியவை அவை. போர்க்கப்பல் கட்டிப் பழக்கமில்லாத சிறிய கட்டுந்தளங்களிலும் கட்ட முடிய வேண்டும் என்பதே நோக்கம். வேகம் மணிக்கு 16 கடல் மைல். ஜெர்மன் நீர்மூழ்கி நீருக்கு மேலே வந்து ஓடினால் இந்தக் கார்வெட்டை முந்திவிடும். பட்டியல் போட்டுப் பார்த்தால் தேறாத கப்பல். ஆனால் அது காக்க வேண்டிய சரக்குக் கப்பல்கள் அதைவிட மெதுவாகச் சென்றன, காவலுக்கு ஏராளமான கப்பல்கள் உடனே தேவைப்பட்டன. 250-க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. அட்லாண்டிக் அலைகளில் அவை ஆடிய ஆட்டத்தையும், உள்ளே எப்போதும் தேங்கிய ஈரத்தையும் அவற்றில் பணிபுரிந்த மாலுமிகள் கடைசிவரை மறக்கவில்லை. அந்த ரகம் இன்றும் நினைவுகூரப்படுவதற்கு அந்தக் குறைகளும் ஒரு காரணம்.

பெயர் வைப்பதிலும் இதே பிசகு நேர்கிறது. நாசகாரிக் கப்பல் என்று நாம் எழுதும் டெஸ்ட்ராயர் 1890-களில் பிறந்தபோது அதன் முழுப் பெயர் 'டார்பிடோ படகு அழிப்பான்'. எதை அழிக்கப் போகிறது என்பது பெயரிலேயே இருந்தது. டார்பிடோ படகே இல்லாத எதிர்கால உலகுக்கு அந்தச் சொல்லை மட்டும் தூக்கிச் செல்வதில் என்ன பயன்? காவற்கலம், வேவுக்கலம், தூதுக்கலம் என்று வேலையைச் சொல்லும் பெயர்களைத் தமிழில் எளிதாக ஆக்கலாம். கப்பலை நடத்துபவருக்கு மீகாமன் என்ற அழகான பழஞ்சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

மேலே பேச வசதியாக ஒரு ரகத்தை இங்கேயே கற்பனை செய்துகொள்வோம். பெயர் மீன்கொத்தி. வேலை, சரக்குக் கலங்களுக்குக் காவல் போவது. வெறுங்கலம் 400 டன், எரிபொருள் 600 டன். எஞ்சினிலிருந்து பீறிடும் வாயுவின் வேகம் நொடிக்கு 50 கி.மீ. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும் இன்றைய ராக்கெட் எஞ்சினில் இது சுமார் 4.5 கி.மீ. மட்டுமே, ஆகவே தாராளமாகவே கொடுத்திருக்கிறோம்.

இந்தக் கலத்துக்கு 'அதிகபட்ச வேகம்' என்று ஓர் எண்ணை எழுதுவதுதான் மிகப் பரவலான தவறு. தடுக்கக் காற்றோ நீரோ இல்லாத இடத்தில் அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. மொத்த எரிபொருளையும் செலவிட்டால் வேகத்தை எவ்வளவு மாற்ற முடியும் என்பதே கேள்வி. 1903-இல் ரஷ்ய விஞ்ஞானி சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டில் நம் எண்களைப் போட்டால் நொடிக்கு ஏறத்தாழ 46 கி.மீ. வருகிறது. இது ஒரு பணப்பை மாதிரி. புறப்பட ஒரு பங்கு, போன இடத்தில் நிற்க ஒரு பங்கு, திரும்பக் கிளம்ப ஒன்று, வீட்டில் வந்து நிற்க ஒன்று என்று நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 11 கி.மீ. சொச்சம்தான். அந்த வேகத்தில் பூமிக்கும் நிலவுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்கவே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். இனி, பாதுகாப்புக்கு என்று 100 டன் கவசத்தைப் போர்த்திப் பாருங்கள். 46 என்பது 39-ஆகச் சுருங்குகிறது. ஏழில் ஒரு பங்கு போய்விட்டது, இன்னும் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. கவசம் வேண்டும் என்று அடம்பிடிக்கும் அதிகாரியும், வேண்டவே வேண்டாம் என்னும் எஞ்சின் பொறுப்பாளரும் மோதிக்கொள்ளும் காட்சி இந்தக் கணக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது வெப்பம். இதைப் பற்றி எழுதாத கதைகளைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் ஒரு சிறிய போர்க்கலத்தின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது. விண்வெளி குளிரானது, அதனால் கலம் தானாகக் குளிர்ந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். வெற்றிடம் என்பது பிளாஸ்கின் இரட்டைச் சுவர். சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். எதையும் வெளியே கொட்டாமல் அதை வெளியேற்ற ஒரே வழி கதிர்வீச்சு. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 70 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றவே அம்மோனியா ஓடும் பெரிய கதிர்வீச்சுத் தகடுகளை விரித்து வைத்திருக்கிறது.

மீன்கொத்தியின் எஞ்சின் சூடு முழுவதும் வாயுவோடு போய்விடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆயுதங்களுக்கு மின்சாரம் தரும் உலையின் கழிவு வெப்பம் மட்டும் 10 மெகாவாட். 27 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பு சுமார் 460 வாட்தான் கதிர்வீசும். ஆக, ஏறத்தாழ 22,000 சதுர மீட்டர் தகடு வேண்டும். தகட்டை 927 டிகிரிக்குச் சூடேற்றினால் அதே வேலைக்கு 85 சதுர மீட்டர் போதும். கெல்வின் அளவில் பார்த்தால் வெப்பநிலை 300-இலிருந்து 1200-ஆக, நான்கு மடங்காகிறது; அப்போது கதிர்வீச்சு 256 மடங்காவதால் இந்த வித்தியாசம். ஆனால் அப்படிச் செந்தணலாகத் தகிக்கும் தகடு, விண்வெளியின் 2.7 கெல்வின் (சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ்) பின்னணியில் வெகு தொலைவிலிருந்தே தெரியும். எதிரிக்குத் தெரியாமல் நழுவி வந்த கலம் என்று எழுதுவதற்கு முன் இதற்கு ஒரு பதில் வேண்டும்.

சண்டை வந்தால் தகடுகளை மடக்கித்தான் ஆக வேண்டும், ஒரு சில்லு பட்டாலும் கிழிந்துவிடும். மடக்கிய பிறகு வெப்பம் எங்கே போகும்? உள்ளே 20 டன் பனிக்கட்டி இருந்தால், அது உருகிக் கொதிநிலையைத் தொடும் வரை ஏறத்தாழ 25 நிமிடம் தாங்கும். அதற்குள் சண்டை முடிய வேண்டும், அல்லது உலையை அணைக்க வேண்டும், அல்லது எதிரியின் பார்வையிலேயே தகடுகளை விரிக்க வேண்டும். இப்படி ஒரு கடிகாரம் இலவசமாகக் கிடைக்கும்போது அதை எப்படி விட்டுவிட மனம் வருகிறது?

சிறியதாக இருப்பதன் நிஜமான ஆதாயத்தை எழுதாமல் விடுவதும் ஒரு தவறு. மூன்று லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கும் கலத்தை எதிரி பார்க்கும்போது, அவன் காண்பது ஒரு நொடிக்கு முந்தைய இடத்தை. அவன் லேசரால் சுட்டால் கதிர் வந்து சேர இன்னொரு நொடி. அந்த இரண்டு நொடிகளில், பூமியின் ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் விலகும் கலம் ஏறத்தாழ 20 மீட்டர் தள்ளிப்போயிருக்கும். பத்து மீட்டர் அகலக் கலம் தான் இருந்த இடத்தை முழுவதுமாகக் காலி செய்துவிடும். நானூறு மீட்டர்த் தாய்க்கலம் இருபது மீட்டர் நகர்ந்தாலும் அடி அதன் மேல்தான் விழும். தொலைவு பத்து மடங்கானால் விலகல் நூறு மடங்காகி இரண்டு கி.மீ.யை நெருங்கும். சிறிய கலம் எட்ட நின்று பிழைப்பதும், கிட்டே போனால் சாவதும் இதனால்தான். நெருங்கிப் போய் மோதும் சாகசக் காட்சிகள் இந்த ஆதாயத்தைத் தாங்களே தூக்கி எறிகின்றன. ஆனால் விலகுவதும் சும்மா வராது: ஆயிரம் நொடி அப்படி ஆட்டம் காட்டினால் பணப்பையில் 46-இல் பத்து காலி.

ஆயுதம் என்று வரும்போது, சுட்டதும் கலத்தையே பின்னால் தள்ளும் பின்னுதைப்பையும், குறிபார்க்கக் கலத்தையே திருப்ப வேண்டியிருப்பதையும் மறந்துவிடுகிறார்கள். 1974-இல் சோவியத் ஒன்றியம் ஏவிய சல்யூட் 3 நிலையத்தில் உண்மையிலேயே ஒரு துப்பாக்கி பொருத்தப்பட்டிருந்தது. குறிபார்க்க நிலையம் முழுவதையும் திருப்ப வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில், 1975 ஜனவரியில், தரையிலிருந்து கட்டளையிட்டுச் சுட்டுப் பார்த்தார்கள். சிறிய கலத்தில் ஆயுதமும் உடலும் ஒன்றுதான். சுடுவது என்றாலே கலம் எந்தப் பக்கம் முகம் காட்டுகிறது என்ற முடிவும் கூடவே எடுக்கப்படுகிறது.

விமானம் போல் சாய்ந்து திரும்புவது, எஞ்சினை அணைத்ததும் வேகம் குறைவது போன்றவை வாசகர்களே பிடித்துவிடும் பிழைகள். தளங்களின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். எஞ்சின் தள்ளும் திசைக்கு எதிர்ப்புறமே 'கீழே'. ஆகவே உட்புறம் நீளவாக்கில் கிடக்கும் கப்பலாக இருக்க முடியாது. மாடிக்கு மேல் மாடியாக எழும் குறுகிய கோபுரமாக இருக்கும். எஞ்சின் நின்றதும் மேலும் கீழும் மறையும். அது திடீரென்று மீண்டும் பிடித்தால் மேல்மாடியில் கட்டாமல் விட்ட பொருள் கீழே இருப்பவர் தலையில் விழும்.

பன்னிரண்டு பேர் என்றால் எப்போதும் பன்னிரண்டு பேரும் விழித்திருப்பதாக எழுதாதீர்கள். எட்டு மணி நேர முறைப்பணியாக மூன்று குழுக்களாகப் பிரித்தால் எந்த நேரமும் நான்கு பேர்தான் பணியில் இருப்பார்கள். ஒருவர் காயப்பட்டால் அந்தக் குழுவில் கால் பங்கு காணாமல் போகிறது. மருத்துவம் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், காயப்பட்டது அவராகவே இருந்தால்? பெரிய கலத்தில் இந்தக் கேள்வியே எழாது.

கடைசியாக, ஒரே ரகம் என்பதால் எல்லாக் கலங்களும் அச்சு எடுத்தாற்போல் இருக்கும் என்று எழுதுவது. ஃபிளவர் ரகத்திலேயே, மாலுமிகள் பட்ட பாட்டைப் பார்த்துப் பிற்காலக் கப்பல்களில் முன்தளத்தை நீட்டிக் கட்டினார்கள். மீன்கொத்தியிலும் முதலில் கட்டிய சில கலங்களில் பனிக்கட்டி 12 டன்தான் இருந்தது என்று வையுங்கள். தகடுகளை மடக்கினால் அவற்றுக்குக் கிடைப்பது 15 நிமிடம். புதிய கலத்தில் மூன்று ஆண்டுகள் பணியாற்றி, 25 நிமிடத்துக்கு உடம்பையும் மனத்தையும் பழக்கிக்கொண்ட ஒரு மீகாமன், மாற்றலாகி அந்தப் பழைய கலத்துக்கு வந்து சேர்கிறாள். முதல் சண்டையில், பதினான்காவது நிமிடத்தில், எஞ்சின் அறையிலிருந்து அழைப்பு வருகிறது.