ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு

முதலில் காலண்டரை எடுத்து வையுங்கள். எந்த ஊர், எந்த ஹோட்டல் என்பதெல்லாம் அப்புறம். போகிற வாரங்களில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளைச் சுழித்துவிட்டுத்தான் மற்ற வேலை. இரண்டு நாடுகளிலும் ஞாயிறன்று கடை கிடையாது. சூப்பர் மார்க்கெட், துணிக்கடை எல்லாம் பூட்டு. பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள், காலையில் சில பேக்கரிகள், பெட்ரோல் பங்க், முறைவைத்துத் திறக்கும் ஓரிரு மருந்துக்கடைகள், அவ்வளவுதான். ஆஸ்திரியாவில் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கே சூப்பர் மார்க்கெட் கதவைச் சாத்திவிடுவார்கள். தனியாகப் போகிறவர் ஞாயிறு மதியம் ஏதோ ஒரு சின்ன ஊரில் பெட்டியோடு போய் இறங்கினால் வாழைப்பழத்துக்குக்கூட அலைய வேண்டியதுதான்.

அருங்காட்சியகங்களுக்கு ஞாயிறு விடுமுறை இல்லை, அவற்றில் பலவற்றுக்குத் திங்கள்தான் விடுமுறை. மியூனிக்கில் ஆல்டே பினாகோதேக் போன்ற அரசு ஓவியக்கூடங்களுக்கு ஞாயிறன்று நுழைவுக்கட்டணம் 1 யூரோ. அதனால் ஒரு ஞாயிறு மியூனிக்கில், இன்னொன்று வியன்னாவில் விழுகிற மாதிரி திட்டம் போடுங்கள். மே, ஜூனில் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மே 1, இயேசு விண்ணேற்ற நாள், பெந்தெகொஸ்தே திங்கள், அதற்குப் பின் வரும் ஒரு வியாழன் என்று வரிசையாக விடுமுறைகள் வரும். அந்த நாட்களும் ஞாயிறு மாதிரியேதான். மற்றபடி மே மாதமும் செப்டம்பரும் நல்ல பருவம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் ஞாயிறு வரை மட்டும் மியூனிக் பக்கம் தலைவைக்காதீர்கள். அக்டோபர்ஃபெஸ்ட் என்னும் பீர் திருவிழா நடக்கும், அறை வாடகை கண்ணைக் கட்டும்.

நான் திருச்சி பொன்மலையில் ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். சைவம், முட்டை சாப்பிடுவேன். சாராயம் கிடையாது. முழங்கால் ஒரு மாதிரி. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், கீழே வருகிற யோசனைகள் இந்த உடம்புக்கும் இந்த நாக்குக்கும் ஒத்துவந்தவை. இருபத்திரண்டு வயதுப் பையன் முதுகுப்பையோடு ராத்திரி பஸ்ஸில் ஊர் ஊராகத் தாவலாம். அவனுக்கு இது வேண்டாம்.

என் கணக்குப்படி முதல் பயணத்துக்கு நான்கு ஊர் போதும். நூரன்பெர்க் மூன்று ராத்திரி, மியூனிக் ஐந்து, சால்ஸ்பர்க் மூன்று, வியன்னா நான்கு. செவ்வாய்க்கிழமை இறங்கினால் இரண்டு ஞாயிறும் சொன்ன இடத்திலேயே விழும். விமான டிக்கெட்டை ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி வியன்னாவில் ஏறுகிற மாதிரி ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். போன வழியே திரும்புவதற்கு ஒரு நாளும் ஒரு ரயில் கட்டணமும் வீணாகாது. பெர்லின் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். பெர்லின் தனி உலகம். அதை இந்தப் பாதையில் சொருகினால் மற்ற எல்லா ஊரும் அரைகுறையாகிவிடும். ஃபிராங்க்ஃபர்ட்டில் தங்கவும் வேண்டாம். அங்கே ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தெருக்களில் போதைமருந்து நடமாட்டம் வெளிப்படையாகவே உண்டு, ஆனால் மலிவான அறைகள் தேடினால் முதலில் கண்ணில் படுவது அந்தத் தெருக்கள்தான். விமான நிலையத்துக்குள்ளேயே நெடுந்தூர ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து நூரன்பெர்க்குக்கு ஐசிஇ என்னும் அதிவேக வண்டி நேரடியாக உண்டு.

இந்தப் பட்டியலே விசாவையும் தீர்மானித்துவிடும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை அதிக நாள் தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும், நாள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். மேலே சொன்ன கணக்கில் ஜெர்மனி எட்டு, ஆஸ்திரியா ஏழு, ஆகவே ஜெர்மனி. விண்ணப்பத்தை ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் என்று இருந்தாலும் அதை நம்பி உட்காராதீர்கள், கோடை விடுமுறைக்கு முன்னால் அப்பாயிண்ட்மென்ட் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, அதற்கு மேல் விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் எடுத்ததாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடி ஆவதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்கட்டும்.

தனியாகப் போகிறவரின் காகிதங்களில் அதிகாரி தேடுவது ஒன்றைத்தான்: இவர் திரும்பி வருவாரா? சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, விடுப்புக் கடிதம், என்னைப் போல அரசு வேலை என்றால் துறையின் தடையில்லாச் சான்றிதழ், எல்லாம் அதற்குத்தான். தடையில்லாச் சான்றிதழுக்கான கோப்பு மேசை மேசையாக நகரும். விசாவுக்கு முன்பே அதை ஆரம்பித்துவிடுங்கள். என் மேலதிகாரி கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, "கூட யாரும்மா வர்றாங்க?" என்றார். "யாரும் இல்ல சார்." "அப்ப எதுக்குப் போறீங்க?" பதில் சொல்லாமல் சிரித்து வைத்தேன். கையெழுத்து விழுந்தது. வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முதல் வாரம் திடீரென்று பெரிய தொகை வந்து விழுவது சந்தேகத்தைக் கிளப்பும். வழக்கமான சேமிப்பு வழக்கமாகத் தெரிந்தால் போதும். ஹோட்டல்களை இலவசமாக ரத்து செய்யக்கூடியவையாகப் பதிவு செய்து, எந்த நாள் எந்த ஊர் என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்தப் பக்கமும் ஹோட்டல் பதிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்.

இனி ரயில். என் பேட்டை என்பதால் கொஞ்சம் நீட்டுவேன்.

ஜெர்மன் ரயில் மணி அடித்தமாதிரி வரும் என்பது பழைய கதை. 2024-இல் அங்கே நெடுந்தூர வண்டிகளில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாமல். ஆஸ்திரிய வண்டிகள் எவ்வளவோ மேல். ஆகவே மாறி ஏறும் இடத்தில் அரை மணியாவது இடைவெளி விட்டுப் பதிவு செய்யுங்கள். ஸ்பார்ப்ரைஸ் என்னும் மலிவு டிக்கெட் முன்கூட்டி எடுத்தால் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கலாம், ஆனால் அந்த ஒரு வண்டிக்குத்தான் செல்லும். விமானம் இறங்கும் நாளுக்கு மட்டும் அதை எடுக்காதீர்கள். விமானம் தாமதமானால் டிக்கெட் போச்சு. அன்றைக்கு எந்த வண்டியிலும் ஏறக்கூடிய ஃப்ளெக்ஸ்ப்ரைஸ் எடுங்கள், அல்லது இறங்கிய பிறகு எடுங்கள். ரயில்காரர்கள் பக்கத்துத் தாமதத்தால் போய்ச்சேரும் நேரம் 20 நிமிடமோ அதற்கு மேலோ தள்ளிப்போகும் என்றால் ஸ்பார்ப்ரைஸின் ஒரே வண்டிக் கட்டுப்பாடு தானாக விலகும், வேறு வண்டியில் ஏறலாம். ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும் இரண்டு மணி என்றால் 50 சதவீதமும் திருப்பிக் கேட்க உரிமை உண்டு.

நம் ஊர்க்காரர்களுக்குக் குழப்பம் தருவது இருக்கை. டிக்கெட் எடுத்தாலும் சீட் நம்பர் வராது. அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கட்டாதவர்கள் அதே வகுப்பில் காலியான எந்த இருக்கையிலும் உட்காரலாம். இருக்கைக்கு மேலே ஒரு சின்னத் திரையில் "வூர்ஸ்பர்க் – நூரன்பெர்க்" என்று ஒளிரும். அந்த இருக்கை வூர்ஸ்பர்க்கில் ஏறப்போகிறவருடையது என்று அர்த்தம். அதுவரை நீங்கள் உட்காரலாம், அவர் வந்ததும் எழுந்துவிட வேண்டும். பிளாட்பாரத்தில் ஏ, பி, சி என்று தொங்கும் எழுத்துகள் நம் கோச் பொசிஷன் பலகைக்குச் சமம். இரண்டு வண்டிகளை ஒட்டி ஓட்டி நடுவழியில் பிரிப்பார்கள், அதனால் எந்தப் பாதியில் ஏறுகிறோம் என்பதைப் பெட்டியின் வெளியே உள்ள பலகையில் படித்துவிட்டு ஏறுங்கள். பெர்லினிலிருந்து மேற்கே போகும் வண்டிகள் பல வருடமாக இப்படிப் பிரிந்துவந்த இடம் ஹாம். அந்த ஊரின் ஊன்ட்ரோப் பகுதியில்தான் ஈழத் தமிழர்கள் கட்டி 2002-இல் குடமுழுக்கு நடத்திய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. நம் பாதையில் வராது, அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மியூனிக், நூரன்பெர்க் இரண்டும் இருக்கிற பவேரியா மாநிலத்துக்குள் சுற்ற ஐசிஇ வேண்டாம், பையர்ன்-டிக்கெட் என்னும் ஒரு நாள் டிக்கெட் எடுங்கள். வேலைநாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு, சனி ஞாயிறு நள்ளிரவிலிருந்தே, மாநிலத்தின் எல்லா உள்ளூர் வண்டிகளிலும் செல்லும். சால்ஸ்பர்க் நிலையம் வரைக்கும்கூட. எல்லை தாண்டும் வண்டிகளில், முக்கியமாக ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குள் வரும்போது, போலீஸ் ஏறிச் சோதிக்கலாம். பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு வராதீர்கள். நகர ரயில், டிராம்களில் வாசலில் தடுப்பே இருக்காது. யாரும் பார்க்கவில்லையே என்று ஏறிவிட்டால் சாதாரண உடையில் வரும் பரிசோதகர் ஜெர்மனியில் 60 யூரோ வாங்கிக்கொண்டு போவார். காகித டிக்கெட் சிலவற்றை முத்திரைப் பெட்டியில் குத்தினால்தான் உயிர் வரும்.

பெட்டி விஷயத்தில் ஒரே விதி: ரயில் படிகளில் நீங்களே தூக்கி ஏற்ற முடிய வேண்டும். போர்ட்டர் கிடையாது, லிஃப்ட் பழுதாகிக் கிடக்கும், கழிப்பறைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. நிலையங்களில் பூட்டுப்பெட்டிகள் உண்டு. கழிப்பறைக்கும் அதற்கும் சில்லறைக் காசு வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கம் மட்டும் வாங்கும் சாப்பாட்டுக் கடைகள் இன்றும் இருக்கின்றன. ஏடிஎம்மில் "ரூபாயில் கணக்கிடட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி யூரோவிலேயே எடுங்கள்.

சாப்பாடு. ஊரிலிருந்து பால், நெய், பால்கோவா எடுத்துப்போக ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் போகும். சமையலறை உள்ள தங்குமிடம் கிடைத்தால் அரிசி எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். வெளியே சாப்பிட கேஸ்ஷ்பெட்ஸ்லே என்னும் சீஸ் போட்ட மாவுக்கொழுக்கட்டை, கைசர்ஷ்மாரன் என்னும் பிய்த்துப்போட்ட இனிப்புத் தோசை, எங்கும் இருக்கும் ஃபலாஃபெல். உருளைக்கிழங்கு சூப் என்று எழுதியிருந்தால் உடனே ஆர்டர் செய்யாதீர்கள், பன்றி இறைச்சித் துண்டுகள் அடியில் கிடக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

தனியாகச் சாப்பிடும் கூச்சம் போக மியூனிக்கின் பீர் தோட்டங்கள்தான் மருந்து. குடிக்காதவர்களும் போகலாம். செஸ்ட்நட் மர நிழலில் நீள பெஞ்சுகள். விரிப்பு போடாத மேசையில் உட்கார்ந்தால் சாப்பாடு உங்களுடையதாக இருக்கலாம், பானம் மட்டும் அங்கே வாங்க வேண்டும். பவேரியாவின் பழைய வழக்கம் அது. நான் ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே ஒரு குவளை வாங்கிக்கொண்டு டப்பாவைத் திறந்தேன். எதிரே ஒரு வயதான தம்பதி, சிவப்புக் கட்டம் போட்ட துணியை விரித்து, முள்ளங்கியைச் சுருள் சுருளாகச் சீவி உப்புத் தூவிக்கொண்டிருந்தார்கள். என் புளிசாதத்தைப் பாட்டி உற்றுப் பார்த்தார். கொஞ்சம் எடுத்து வைத்தேன். முள்ளங்கி இந்தப் பக்கம் வந்தது. தாத்தா தண்ணீர் கேட்டு எழுந்து போனார்.

பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் விலையோடு சேர்த்து வாங்கியிருப்பார்கள். ஆஸ்திரியாவிலும் 2025 முதல் இதே முறை. சூப்பர் மார்க்கெட் ஓரத்தில் உள்ள எந்திரத்தின் வட்டத் துளையில் அடிப்பக்கம் முதலில் போகும்படி வைத்தால் உருட்டிப் பார்த்து விழுங்கிக்கொள்ளும். நசுக்கியிருந்தால் திருப்பித் துப்பும். பொத்தானை அழுத்திச் சீட்டை வாங்கி கல்லாவில் கொடுங்கள்.

ஊர்களைப் பற்றி நிறையச் சொல்லப்போவதில்லை. நூரன்பெர்க்கில் அறை எண் 600-ஐ விடாதீர்கள், நாஜித் தலைவர்களை விசாரித்த நீதிமன்றக் கூடம். ஜெர்மனியின் முதல் ரயில் 1835-இல் அங்கிருந்துதான் ஃபியூர்த்துக்கு ஓடியது. ரயில் அருங்காட்சியகத்தில் நான் தொலைத்த அரை நாள் என் சொந்தப் பைத்தியம். சால்ஸ்பர்க் போனவர்கள் எல்லோரும் ஹால்ஷ்டாட் ஓடுகிறார்கள். எண்ணூறு பேர்கூட இல்லாத அந்தக் கிராமத்தில் பகல் கூட்டம் தாங்காது. நான் பெர்ஷ்டஸ்காடன் வழியாகக் கோனிக்ஸே ஏரிக்குப் பஸ் பிடிக்கச் சொல்வேன். அங்கே 1909 முதல் மின்சாரப் படகுதான். பாறைச் சுவருக்கு எதிரே படகை நிறுத்தி, படகுக்காரர் ஊதுகொம்பை எடுத்து ஒரு வரி வாசிப்பார். மலை அதைத் திருப்பி வாசிக்கும்.

பெண்கள் தனியாக இருட்டிய பின் நடக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வியன்னாவில் இசை நிகழ்ச்சி முடிந்து பத்தரை மணிக்கு டிராமில் திரும்புவது அங்கே சாதாரணம். கவனிக்க வேண்டியது வேறொன்று. சிறிய விடுதிகளில் வரவேற்பு மேசை சாயங்காலமே மூடிவிடும். சாவிப்பெட்டி எண்ணை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அவசரத்துக்கு எங்கும் 112. போலீஸுக்கு ஜெர்மனியில் 110, ஆஸ்திரியாவில் 133.

கடைசி நாள் வியன்னா விமான நிலையத்துக்குத் தனி விரைவு வண்டி ஒன்று கூடுதல் கட்டணத்தில் ஓடுகிறது, விளம்பரமும் அதற்குத்தான் அதிகம். எஸ்7 என்னும் நகர ரயிலும் முதன்மை நிலையத்திலிருந்து போகும் ரெயில்ஜெட் என்னும் நெடுந்தூர வண்டியும் சாதாரணக் கட்டணத்தில் அதே இடத்துக்குத்தான் போகின்றன. உங்கள் நகர டிக்கெட் நகர எல்லை வரைதான் செல்லும் என்பதால், மீதித் தூரத்துக்குக் கூடுதல் டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.