பேபி கேரியர்: பெட்டியில் போட்டிருக்கும் வயதை நம்பி வாங்காதீர்கள்

கேரியர் வாங்கப் போகிறோம் என்றதும் என் மாமியார், "எத்தனை அடுக்கு?" என்று கேட்டார். சாப்பாட்டுக் கேரியர் இல்லை, குழந்தையைச் சுமக்கிற கேரியர் என்று விளக்கினேன். "அதற்குத்தானே இடுப்பு இருக்கிறது?" என்றார். அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் புரிவதற்குள் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

நான் வாங்கியதன் பெட்டியில் "0–36 மாதம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எடை வரம்பு உள்ளே இருந்த தாளில், பொடி எழுத்தில் இருந்தது: 3.5 கிலோ முதல். என் மகள் பிறந்தபோது 2.7 கிலோ. சந்தையில் உள்ள பல கேரியர்கள் 3.2 அல்லது 3.5 கிலோவில்தான் தொடங்குகின்றன. நம் நாட்டில் பிறக்கும் குழந்தையின் சராசரி எடையோ சுமார் 2.8 கிலோ. அதாவது "பிறந்த நாள் முதல்" என்று விற்கப்படும் பொருள், நம் குழந்தைகளில் பலருக்குப் பிறந்த நாளில் பொருந்தாது. எங்களுடையது ஒன்றரை மாதம் அலமாரியில் தூங்கியது. எனவே முதலில் பார்க்க வேண்டியது வயதை அல்ல, குறைந்தபட்ச எடையை. சில கேரியர்களில் பச்சிளங்குழந்தைக்கென்று உள்ளே வைக்கும் மெத்தையைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக நாமே ஒரு துண்டைச் சுருட்டித் திணிப்பது ஆபத்து. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், மருத்துவரைக் கேட்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

எடை வரம்பில் நான் இவ்வளவு பிடிவாதம் காட்டக் காரணம் இருக்கிறது. பச்சிளங்குழந்தைக்குத் தலை கனம், கழுத்தில் வலு இல்லை, மூச்சுக்குழாயோ மென்மையானது, குறுகலானது. தளர்ந்த துணிக்குள் உடல் சரிந்து தாடை மார்பில் முட்டினால் மூச்சு தடைபடும். தலையை நிமிர்த்திக்கொள்ள அதற்குத் தெரியாது. அழுது நம்மைக் கூப்பிடவும் முடியாது. தூங்குவதைப் போலவே இருக்கும். தோளில் மாட்டும் துணித் தொட்டில் வகைக் கேரியர்களைப் பற்றி அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் அவற்றோடு தொடர்புடையதாக அது கணக்கிட்ட இறப்புகள் 14. அவற்றில் 12 குழந்தைகள் நான்கு மாதம்கூட நிரம்பாதவர்கள்.

மாட்டிய பிறகு குழந்தையின் தாடைக்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நீங்கள் தலையைத் தாழ்த்தினால் உச்சியில் முத்தமிட முடிய வேண்டும். முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். "இறுக்கினால் குழந்தைக்கு வலிக்குமே" என்று பட்டைகளைத் தளர்த்திவிடும் இளகிய மனம்தான் இங்கே பகை. கட்டிப்பிடித்திருப்பதைப் போன்ற இறுக்கம் வேண்டும்.

அடுத்த தவறு, கால்களைக் கவனிக்காதது. பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டுக் குழி பெரும்பாலும் குருத்தெலும்புதான். தொடை எலும்பின் உருண்டைத் தலை அதில் நன்றாகப் பதிந்திருந்தால்தான் குழி சரியாக உருவாகும். கால்கள் நேராகக் கீழே தொங்கினால் மூட்டு நல்ல நிலையில் இராது. தொடைகள் இரு பக்கமும் விரிந்து, முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று மேலே, ஆங்கில எம் எழுத்தைப் போல அமைய வேண்டும் என்று குழந்தைகளின் இடுப்பு மூட்டுக் கோளாறுகளுக்கான அமைப்பான இன்டர்நேஷனல் ஹிப் டிஸ்பிளேசியா இன்ஸ்டிடியூட் சொல்கிறது. முதல் ஆறு மாதங்களில் இது மிக முக்கியம். மாமியார் சொன்ன இடுப்பு ஞாபகம் வருகிறதா? கழுத்து நின்ற குழந்தையை ஒக்கலில் வைத்தால் கால்கள் தானாகவே விரிந்துதான் அமரும்.

இங்கேதான் "அட்ஜஸ்டபிள்" என்ற சொல்லைச் சோதிக்க வேண்டும். பல கேரியர்களில் நீளம் மாறுவது பெரியவர் மாட்டும் தோள்பட்டையும் இடுப்புப் பட்டையும்தான். குழந்தை வளர வளர மாற வேண்டியது உட்காரும் இடத்தின் அகலமும் முதுகுத் துணியின் உயரமும். ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை துணி தாங்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு அகலம் அதிகமானால் கால்கள் அளவுக்கு மீறி விரியும். வளர்ந்த குழந்தைக்குக் குறைந்தால் தொடை தொங்கும். இந்த இரண்டும் மாறாதது எத்தனை பக்கிள் வைத்திருந்தாலும் ஒரே அளவுச் சட்டைதான்.

சுமப்பவர் உடம்பும் கணக்கில் உண்டு. எடை தோளில் இறங்காமல் இடுப்பில் இறங்க வேண்டும். சிசேரியன் ஆனவர்களுக்கு இடுப்புப் பட்டை தையலில் உரசும். ஆறும் வரை பொறுங்கள். கணவரும் மாட்டப்போகிறார் என்றால் அவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால், திருப்பித்தரும் கெடு முடிவதற்குள் ஒரு மூன்று கிலோ அரிசிப் பையை வைத்து இருவரும் மாட்டிப் பழகிவிடலாம்.

குழந்தை வெளியே பார்த்தபடி இருக்கும் படங்கள் விளம்பரத்துக்கு அழகு. கழுத்து உறுதியாக நிற்கும் முன், அதாவது ஏறத்தாழ ஆறு மாதம் வரை, அது வேண்டாம். சுமப்பவரின் இடுப்புப் பட்டையில் குழந்தை உட்காரச் சிறு இருக்கை வைத்த வகையும் குழந்தை தானாக உட்காரத் தொடங்கிய பிறகுதான். குளிர்நாட்டுக்குத் தைத்த தடித்த பஞ்சு கேரியரைச் சென்னை மே மாதத்தில் மாட்டுவது இருவருக்குமே தண்டனை. வலைத்துணியோ மெல்லிய பருத்தியோ போதும். குழந்தைக்கு ஒரே ஒரு மெல்லிய சட்டை. பிடரியைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரிந்துவிடும்.

எனக்குக் கோபம் வருவது, மார்பில் கேரியரோடு ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது. கேரியர் விபத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. விழுந்தால் பெரியவரின் எடை முழுவதும் குழந்தை மேல்தான். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இருசக்கர வாகனத்தில் அழைத்துச் செல்ல 30 கிலோ தாங்கும் பாதுகாப்புப் பட்டை, ஒன்பது மாதத்துக்கு மேல் தலைக்கவசம், அதிகபட்சம் 40 கிலோமீட்டர் வேகம் என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதி வகுத்தது. கேரியர் அந்தப் பட்டை ஆகாது. அடுப்படியிலும் அதேதான்: தாளிக்கும்போது குழந்தையை இறக்கிவிடுங்கள்.

கடைசியாக, 20 கிலோ தாங்கும் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு வயதுக் குழந்தை சராசரியாக 12 கிலோ. 20 கிலோ என்பது ஐந்து வயதைத் தாண்டிய குழந்தையின் எடை. என் மகள் ஒன்றரை வயதிலேயே "நடக்கிறேன்" என்று இறங்கிவிட்டாள். 15 கிலோ வரை தாங்கும், அகலம் மாறும் கேரியர் போதும். அக்காவோ அண்ணியோ கொடுத்த பழையது கிடைத்தால் இன்னும் நல்லது. வாங்கும் முன் எல்லாப் பக்கிளையும் பூட்டி, தையலைப் பலமாக இழுத்துப் பாருங்கள்.