வாழ்த்து அட்டைத் தொகுப்பு: முதலில் மை, பிறகு வெட்டு
ஒரே மாதிரியான ஆறு அல்லது எட்டு வாழ்த்து அட்டைகளைக் கையால் செய்யும்போது, பூ, இலை வடிவங்களை டை (தாளை வடிவமாக வெட்டும் உலோக அச்சு) கொண்டு வெட்டிய பின் ஒவ்வொன்றாக மை பூசுவதைவிட, தடித்த வெள்ளைத் தாள் முழுவதிலும் முதலிலேயே மை பூசி, நன்றாக உலரவிட்டு வெட்டுவதே மேலானது. மெல்லிய முனைகள் தூரிகையில் சிக்கி மடங்குவதில்லை, நிறமும் தொகுப்பு முழுவதும் ஒத்திருக்கும். மை தோய்ந்த தூரிகையை நேரடியாகத் தாளில் வைத்தால் அழுத்தமான கறை விழுந்துவிடும். ஆகவே, மிகுதியான மையை வேறொரு தாளில் துடைத்துவிட்டு, ஓரத்திற்கு வெளியிலிருந்து சிறு வட்டங்களாகத் தேய்த்தபடி உள்ளே கொண்டுவர வேண்டும். இளநிறத்தில் தொடங்குவது நல்லது. வெட்டியபின் எஞ்சும் துளைத்தாளைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். அதையே ஸ்டென்சிலாக வைத்து உறையின் மூலையில் மை பூசினால், அட்டையும் உறையும் அழகாகப் பொருந்தும்.