“வயசாச்சுல்லா” என்று விட்டுவிடாதீர்கள்: ரத்தக் குழாய் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

கேரள எல்லையோரத்து மார்த்தாண்டம், குழித்துறை பக்கம் அறுபது தாண்டிய ஒருவரிடம் “பிரஷர் 160 இருக்கே” என்று சொல்லிப் பாருங்கள். “வயசாச்சுல்லா, இருக்கத்தானே செய்யும்” என்பார். வயதோடு நூறைக் கூட்டினால் வருவதுதான் சரியான பிரஷர் என்ற பழைய கணக்கும் இன்னும் சாகவில்லை. என்னைக் கேட்டால் முதல் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

அவர் சொல்வதில் உண்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்க வேண்டும். அந்த இழுவையைத் தருவது எலாஸ்டின் என்ற புரதம். கருவிலும் சிறுவயதிலும்தான் உடல் இதைப் பெரும்பாலும் செய்கிறது. பிற்பாடு தேய்ந்தால் தேய்ந்ததுதான். தேய்ந்த இடத்தில் விறைப்பான கொலாஜன் என்ற இன்னொரு புரதம் கூடும், கால்சியம் படியும், குழாய் வெயிலில் கிடந்த ரப்பர் பேண்டு மாதிரி ஆகிவிடும். அதனால்தான் ஐம்பது, அறுபதுக்கு மேல் பிரஷரின் மேல் எண் ஏறிக்கொண்டே போக, கீழ் எண் இறங்கத் தொடங்குகிறது. 170/70 என்று சீட்டில் பார்த்துவிட்டு “கீழே நல்லாத்தானே இருக்கு” என்று ஆறுதல் அடைபவர்கள் உண்டு. இரண்டு எண்ணுக்கும் நடுவே இடைவெளி விரிவதே குழாய் விறைத்ததன் அடையாளம்.

ஆனால் எவ்வளவு சீக்கிரம் விறைக்கும் என்பதை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. உப்பே சேர்க்காமல் சாப்பிடும் அமேசான் காட்டு யானோமாமி மக்களுக்கு, வயது ஏறினாலும் பிரஷர் ஏறுவதில்லை. பொலிவியாவின் சிமானே மக்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அங்கே எண்பது வயதுக்காரரின் இதயக் குழாய், ஐம்பதுகளின் நடுவில் இருக்கும் அமெரிக்கரின் குழாய் போல இருந்தது. நேர்மாறான கதையும் இருக்கிறது. கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் இதயத்தை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள் 1953-இல் எழுதினார்கள்: சராசரி வயது 22தான், ஆனால் நூற்றில் 77 பேருக்குக் குழாயில் கொழுப்புப் படிவு தொடங்கியிருந்தது. “சின்ன வயசு, எனக்கு என்ன” என்பதும் “வயசாச்சு” என்பதும் ஒரே தவறுதான்.

பிரஷர் பார்ப்பதிலேயே பாதிப் பேர் கோட்டை விடுகிறோம். படியேறி வந்து, சாயா குடித்த வாயோடு, பக்கத்தில் இருப்பவரிடம் கதை பேசிக்கொண்டே கையை நீட்டினால் எண் கூடத்தான் செய்யும். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், கால் தரையில் இருக்கட்டும், கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். முந்தைய அரை மணி நேரத்தில் டீ, பீடி கூடாது. இரண்டு தடவை பார்க்க வேண்டும். வீட்டில் இப்படிப் பார்த்தும் 135/85-க்கு மேலேயே நின்றால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

எல்லையோரத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. இதயம் என்றால் நம் ஆட்கள் திருவனந்தபுரம் வண்டி ஏறிவிடுவார்கள். அங்கே ஒரு மருந்துச் சீட்டு. இங்கே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கே மாத்திரை. பெயரும் அட்டையும் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது அம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மருந்தாக இருக்கலாம். இரண்டையும் விழுங்கிவிட்டுத் தலை சுற்றி விழுந்தால் அதற்கும் வயதையே பழி சொல்வோம்! எந்த ஆசுபத்திரிக்குப் போனாலும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அப்புறம், எண் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நீங்களே நிறுத்தக் கூடாது. எண் சரியானதே மாத்திரையால்தான்.

தேங்காய் எண்ணெய் பற்றிப் பேசினால் இங்கே சண்டை வரும், தெரியும். பாட்டிலில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருப்பது உண்மை. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் தேங்காய் எண்ணெயில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. மற்ற சமையல் எண்ணெய்களோடு ஒப்பிட்டால் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை அது கூட்டுகிறது. அவியலுக்கு மேலே ஊற்றும் ஒரு ஸ்பூனை யாரும் பறிக்க வேண்டாம். தினமும் ஏத்தங்காய் சிப்ஸும் பொரித்த மீனும் என்றால்தான் கணக்கு வேறு. உண்மையில் எண்ணெயைவிட உப்பைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம். மரச்சீனிக் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாடு, பப்படம், ஊறுகாய் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

வாட்சப்பில் சுற்றும் இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, வினிகர் கஷாயம் அடைப்பைக் கரைக்காது. அதை நம்பி, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. ‘ரெண்டு பீடிதானே’ என்பதும் செல்லாது. தினம் ஒரே ஒரு சிகரெட்டுக்கு, இருபது சிகரெட் தரும் இதய ஆபத்தில் ஏறக்குறைய பாதி உண்டு. டிரெட்மில் டெஸ்ட் நார்மல் என்றால் குழாய் சுத்தம் என்று பொருளில்லை, ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குப் பெரிய அடைப்பு தென்படவில்லை என்றுதான் பொருள். சிறிய படிவு வெடித்தும் மாரடைப்பு வரும். பெண்கள் மருத்துவரிடம் சொல்ல மறப்பது ஒன்று உண்டு: கர்ப்ப காலத்தில் பிரஷரோ சுகரோ வந்திருந்தால், பிற்காலத்தில் இதய நோய்க்கான வாய்ப்பு கூடுதல். அப்பா அல்லது அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்கு முன்பும், அம்மா அல்லது அக்கா தங்கைக்கு 65-க்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, நெஞ்சில் பாரம் ஏறி வியர்த்துக் கொட்டும்போது “வாயுதான்” என்று சோடா குடித்துப் படுப்பது. அந்த நேரத்தில் திருவனந்தபுரம் போக கார் தேடி அலைவதும் தவறுதான். 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்தில் எங்கே ஈசிஜி எடுப்பார்களோ அங்கே முதலில் போங்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கே அனுப்புவது என்று அவர்கள் சொல்வார்கள்.